பழ நெக்டர்: கூழ் பிரியாமல் இருக்க என்ன வழி? கேக், ஜெல்லி, பாலில் சேர்க்க அளவு என்ன?

அடுப்பங்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மாம்பழம், கொய்யா, பீச் இந்த மூணுலயும் நெக்டர் போடுறேன். பழத்தை மிக்ஸியில அடிச்சு, தண்ணியும் சர்க்கரையும் கலந்து, வடிகட்டி, பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுதான் முறை. அடுப்புல ஏத்துறதில்லை. ராத்திரி வச்சா காலையில மாம்பழமும் கொய்யாவும் அடியில கூழா இறங்கி, மேல தெளிஞ்ச தண்ணியா நிக்குது. பீச் அதுக்கு நேர்மாறு. கூழ் மேல வந்து மிதக்குது, அந்த மேல்பக்கம் பழுப்பாவும் ஆயிடுது. குலுக்கினா சேருது, கொஞ்ச நேரத்துல பழையபடி பிரியுது.

ருசியும் ஒரே மாதிரி அமையறதில்லை. ஒரு தடவை வெறும் இனிப்பா சப்புன்னு இருக்கு, இன்னொரு தடவை சரியா இருக்கு. கிடைக்கிற குறிப்பெல்லாம் கப் கணக்குலதான் இருக்கு. எடைக் கணக்கு யாராவது சொல்ல முடியுமா?

அடுத்தது சமையல். அன்னாசி நெக்டர் ஊத்தின ஜெலட்டின் ஜெல்லி உறையவே இல்லை. சூடான பால்ல மாம்பழ நெக்டர் சேர்த்தா திரிஞ்சுடுது. கேக்ல பாலுக்குப் பதிலா ஊத்தலாமா, சுண்டக் காய்ச்சி மேல்பூச்சா தடவலாமா? கடைசியா, பாட்டில்ல அடைச்சு ஃப்ரிட்ஜுக்கு வெளிய வைக்க வழி இருக்கா?

பிரிக்ஸ்_கணக்கு பதில்:

அடுப்பில் ஏற்றாததுதான் பிரிவதற்கு முதல் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அளவு, ஏனென்றால் ருசி தடுமாறுவது முழுக்க அளவினால்தான்.

நெக்டர் என்பது தண்ணீர் விட்டு நெகிழ்த்திய பழக்கூழ். அதில் சர்க்கரையும் புளிப்பும் சமன் செய்யப்பட்டிருக்கும். அப்படியே குடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகவோ புளிப்பாகவோ இருக்கும் பழங்களுக்கு ஏற்பட்ட முறை இது. உணவுத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பான கோடெக்ஸ் 2005-ல் வெளியிட்ட தரநிலை, மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் குறைந்தது 25 சதவீதம் பழம், ஆப்ரிகாட்டுக்கு 40, ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் 50 என்று வைத்திருக்கிறது. கூழ் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பது. வீட்டில் மாம்பழத்துக்கு 30, கொய்யாவுக்கு 28, பீச்சுக்கு 45 சதவீதத்தில் தொடங்குங்கள்.

கவனிக்க வேண்டிய எண்கள் மூன்று. கூழின் பங்கு, மொத்த இனிப்பு, மொத்த புளிப்பு. இனிப்பை பிரிக்ஸில் சொல்வார்கள். 100 கிராமில் கரைந்திருக்கும் பொருள் எத்தனை கிராம், அதில் பெரும்பகுதி சர்க்கரை, அவ்வளவுதான். குடிக்கும் நெக்டருக்கு 13 அல்லது 14 பிரிக்ஸ் சரியாக இருக்கும். புளிப்பு சிட்ரிக் அமிலக் கணக்கில் 0.3 சதவீதம், அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 கிராம். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் ஆறிய சாறு இரண்டு சொட்டு போதும், பழத்தின் இனிப்பு தெரிந்துவிடும். இல்லாவிட்டால் நன்கு பழுத்த மாம்பழத்துக்கு 16, கொய்யாவுக்கு 10, பீச்சுக்கு 11 என்று வைத்துக்கொண்டு கடைசியில் நாக்கால் சரிசெய்யலாம்.

ஒரு கிலோ மாம்பழ நெக்டருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கூழ் 300 கிராம், 16 பிரிக்ஸ். ஆக பழத்திலிருந்தே 48 கிராம் இனிப்பு வந்துவிடுகிறது. வேண்டியது 14 பிரிக்ஸ், அதாவது 140 கிராம். போட வேண்டிய சர்க்கரை 92 கிராம். மாம்பழத்தின் புளிப்பு சுமார் 0.4 சதவீதம் என்றால் 300 கிராமில் 1.2 கிராம் அமிலம். தேவை 3 கிராம். பாக்கி 1.8 கிராம் சிட்ரிக் அமிலம், அல்லது 30 முதல் 35 மி.லி. எலுமிச்சைச் சாறு. மீதி சுமார் 605 கிராம் தண்ணீர். எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த அளவைத் தண்ணீரில் கழித்துவிடுங்கள்.

இதே வழியில், 13 பிரிக்ஸ் வைத்துக் கணக்கிட்டால், கொய்யாவுக்குக் கூழ் 280, சர்க்கரை 102, சிட்ரிக் 1.5, தண்ணீர் 615 கிராம் வரும். பீச்சுக்குக் கூழ் 450, சர்க்கரை 80, தண்ணீர் 470. மஞ்சள் பீச்சில் புளிப்பு தானாகவே இருக்கிறது, அதனால் அமிலம் வேண்டியதில்லை. வெள்ளை பீச் என்றால் ஒரு கிராம் சேர்க்க வேண்டியிருக்கும்.

சப்பென்று இருப்பதாகச் சொன்னீர்களே, அது புளிப்புக் குறைவு. அந்த நேரத்தில் கை சர்க்கரை டப்பாவுக்குப் போகும். போகக் கூடாது. எலுமிச்சைச் சாற்றை ஒரு டீஸ்பூன் விட்டுக் கலக்கி ருசி பாருங்கள், பழத்தின் வாசனையே மேலெழுந்து வரும். ருசி பார்ப்பதும் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகுதான். வெதுவெதுப்பாக இருக்கும்போது சரியாகத் தெரியும் இனிப்பு, குளிர்ந்ததும் குறைவாகத் தெரியும்.

இனி பிரிதல். பழத்தை வெட்டி அரைத்த கணமே, செல்லுக்குள் அடைபட்டிருந்த பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி வெளியே வந்து, பழச்சதையைப் பிணைத்து வைக்கும் பெக்டின் என்ற நார்ச்சத்தைத் தாக்க ஆரம்பித்துவிடுகிறது. நொதி பட்ட பெக்டின், பழத்திலும் தண்ணீரிலும் இருக்கும் கால்சியத்தோடு பிணைந்து திரள்கிறது. திரண்டது கனத்து இறங்குகிறது, மேலே தெளிநீர் நிற்கிறது. குலுக்குவதால் திரள் உடையுமே தவிர, பெக்டின் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே நொதியை முதலிலேயே சூட்டால் அடக்கிவிட வேண்டும். அரைத்த கையோடு கூழை 90 டிகிரிக்கு ஏற்றி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அரைத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காய்ச்சினால் நொதி தன் வேலையை முடித்திருக்கும். கடினநீர் பயன்படுத்தினால் கால்சியம் அதிகமாகி நிலைமை இன்னும் மோசமாகும். வடிகட்டிச் சுத்திகரித்த நீர் நல்லது.

இரண்டாவது, துகளின் பருமன். பெரிய துகள் சீக்கிரம் இறங்கும். காய்ச்சிய கூழைத் தண்ணீரோடு சேர்த்து மறுபடி இரண்டு நிமிடம் அரைத்து, கண் நெருக்கமான எஃகு வடிகட்டியில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குங்கள். கொய்யாவை மட்டும் விதையோடு மிக்ஸியில் ஓடவிடாதீர்கள். துண்டு போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, மசித்துத் தேய்த்தால் விதை முழுசாக மேலே தங்கிவிடும். அதன் பிறகும் நாக்கில் மணல் போல நறநறப்பது கொய்யாவின் கல்செல்கள். பேரிக்காயிலும் உண்டு. மெல்லிய துணியில் இன்னொரு முறை வடித்தால்தான் போகும், ஆனால் அப்படிச் செய்தால் கூழும் கொஞ்சம் போய்விடும்.

பீச் மிதப்பது காற்றால். பச்சையாக, வேகமாக அடிக்கும்போது நுண்குமிழிகள் கூழில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்குகின்றன. அதே காற்றுதான் பழுப்பையும் கொடுக்கிறது. பழுப்பாக்கும் நொதியான பாலிஃபீனால் ஆக்சிடேஸுக்கு ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறதே. கொதிநீரில் பீச்சை ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலுரியுங்கள். கொட்டையை நீக்கி, வெட்டிய துண்டை உடனே எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடுங்கள். அந்தத் தண்ணீரோடேயே வேகவைத்து, வெந்த பிறகு குறைந்த வேகத்தில் அரையுங்கள். (அந்தத் தண்ணீரையும் மேலே சொன்ன 470 கிராமுக்குள் சேர்த்துக் கொள்ளுங்கள்.) சூடாக ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் நுரை மேலே கூடும், அதை வழித்து எடுத்துவிடலாம். லிட்டருக்கு 300 முதல் 500 மில்லிகிராம் வைட்டமின் சி தூள் சேர்த்தால் நிறம் நன்றாக நிற்கும். பீச், ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு அரைபடவே கூடாது. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு நாளில் லேசாகப் பிரியத்தான் செய்யும். முற்றிலும் பிரியாமல் இருக்க வேண்டுமானால் லிட்டருக்கு 1 கிராம் பெக்டின் தூள், அல்லது அரை கிராம் சாந்தன் பசை. இரண்டையும் நேரடியாகத் தூவினால் கட்டி தட்டும். பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, நெக்டர் சுழன்றுகொண்டிருக்கும்போது மெல்லத் தூவுங்கள். சாந்தன் லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டினால் தொண்டையில் வழவழப்பாக இறங்கும், குடிக்கப் பிடிக்காது.

கேக்தட்டு பதில்:

பிரிக்ஸ்_கணக்கு சொன்னதுல ஒண்ணே ஒண்ணு மாத்திச் சொல்றேன். சமையலுக்குப் போற நெக்டர்ல சாந்தன் போடாதீங்க. சுண்டக் காய்ச்சும்போது பசையும் சேர்ந்து கெட்டியாகி, கரண்டியில நூல் மாதிரி இழுக்கும். குடிக்கிறதுக்குத் தனியா, சமையலுக்குத் தனியா வச்சுக்கோங்க.

ஜெல்லி ஏன் உறையலைன்னா, ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அன்னாசியில இருக்கிற புரோமலின்ங்கற நொதி அந்தப் புரதத்தை வெட்டித் தள்ளிடும். பப்பாளி, கிவி, அத்தி இதுலயும் இதே குணம் இருக்கு. நெக்டரை 85 டிகிரிக்கு மேல அஞ்சு நிமிஷம் வச்சு, 60 டிகிரிக்கு இறக்கி, ஊறின ஜெலட்டினைக் கலந்தா உறையும். 500 மி.லி.க்கு 8 கிராம் தூள் எடுத்துக்கோங்க. புளிப்பு இருக்கிறதால வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்தான் வேணும். ஜெலட்டின் போட்ட அப்புறம் கொதிக்க விட்டா அதோட பிடிப்பு போயிடும். கடையில வாங்கின டப்பா அன்னாசி நெக்டர் ஏற்கெனவே சூடு பண்ணினது, அதை நேராவே போடலாம்.

கடல்பாசியில செய்யறதா இருந்தா இந்த நொதித் தொல்லையே கிடையாது. ஆனா புளிப்போட சேர்த்துக் கொதிக்க வச்சா கடல்பாசி வலுவிழந்துடும். 500 மி.லி. நெக்டருக்கு 4 கிராம் தூள், 150 மி.லி. வெறும் தண்ணியில ரெண்டு நிமிஷம் நல்லா கொதிக்கட்டும். நெக்டரைத் தனியா 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி அதுல ஊத்துங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த நெக்டரை அப்படியே ஊத்தினா கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழ போன இடத்துலயே உறைஞ்சு திப்பித்திப்பியா ஆயிடும்.

பால் விஷயம். பாலோட புரதம் பி.எச். (புளிப்பைக் காட்டுற எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 பக்கம் வந்தா திரளும். சூடு இருந்தா அதுக்கு முன்னாடியே திரண்டுடும். அதனால ரெண்டும் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில இருக்கணும். பாலைச் சுத்திக்கிட்டே நெக்டரைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், பால்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். எலுமிச்சை சேர்க்காத நெக்டரா இருந்தா இன்னும் நல்லது. காய்ச்சித்தான் ஆகணும்னா பாலை முதல்ல சோளமாவு போட்டுக் கெட்டியாக்கி, முழுக்க ஆறவிட்டு, அப்புறம் நெக்டர். கொழுப்பு நிறைஞ்ச க்ரீம்ல புரதம் கம்மி, அதனால அது பாலைவிட நிறையத் தாங்கும். கிவி, பப்பாளி, அன்னாசியைப் பச்சையா பால்ல சேர்த்தா திரியாட்டியும் கசக்கும். அதுவும் அந்த நொதியோட வேலைதான். செஞ்ச உடனே குடிச்சிடணும், இல்லைன்னா பழத்தைச் சூடு காட்டிட்டுச் சேர்க்கணும்.

கேக்ல தாராளமா பாலுக்குப் பதில் ஊத்தலாம், ஆனா நெக்டர் தன்னோட கொண்டுவர சர்க்கரையையும் புளிப்பையும் கணக்குல எடுக்கணும். 13 பிரிக்ஸ் நெக்டர் 250 மி.லி.ல 34 கிராம் சர்க்கரை இருக்கு. குறிப்புல இருக்கிற சர்க்கரையில 30 கிராம் குறைச்சிடுங்க. புளிப்பை ஈடுகட்ட ஆப்ப சோடா கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மியா, ஒரு கிராம் போதும். பேக்கிங் பவுடர் வழக்கம்போல. சோடா கூடினா சோப்பு வாடை வரும். ப்ளூபெர்ரி, கருப்பு திராட்சை மாதிரி ஊதா நெக்டர்னா கேக்கே நீலப்பச்சையா மாறிடும். அந்த நிறப்பொருள் புளிப்புல சிவப்பா இருக்கும், புளிப்பு போனா நீலமாகும். அதனால ஊதாப் பழத்துக்குச் சோடாவை விட்டுட்டு வெறும் பேக்கிங் பவுடர்ல செய்யுங்க.

இன்னொரு குறை, வெந்த கேக்ல பழ வாசனை தேடினாலும் கிடைக்காது. 500 மி.லி. நெக்டரைப் பாதியாச் சுண்ட வச்சு அந்த 250-ஐ ஊத்தினாத்தான் வாசனை தெரியும். அப்போ சர்க்கரையில 60 கிராமும், சோடா ரெண்டு கிராமும்னு கணக்கு இரட்டிப்பாகும். கூழும் இரட்டிப்பாகிறதால தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். கேக் நடுவுல களி மாதிரி தெரிஞ்சா 10 டிகிரி குறைச்சு, பத்து நிமிஷம் கூட விடுங்க. சர்க்கரை சேர்ந்திருக்கிறதால மேல்பக்கம் சீக்கிரம் கறுக்கும், அதுக்கும் இதே வைத்தியம்.

மேல்பூச்சு செய்யறதுதான் நெக்டரோட சிறந்த உபயோகம்னு நான் சொல்வேன். கரண்டியை நம்பாதீங்க, தராசை நம்புங்க. காலி வாணலியை முதல்ல எடை போட்டுக் குறிச்சுக்கோங்க. 500 கிராம் நெக்டர், 13 பிரிக்ஸ்னா உள்ள இருக்கிற கெட்டிப்பொருள் 65 கிராம். பளபளன்னு ஒட்டி நிக்கற பூச்சுக்கு 65 பிரிக்ஸ் வேணும். அப்போ நெக்டர் 100 கிராமா வரணும். வாணலி எடை கூட 100 வந்ததும் அடுப்பை அணைச்சிடலாம். அகலமான பாத்திரம், நடுத்தரத் தீ, 25 நிமிஷம் போல ஆகும்.

முதல் பாதி ஒண்ணும் ஆகாது, சும்மா கொதிக்கும். பாதிக்கு மேல குமிழி பெருசாகி "பொளக் பொளக்"னு வெடிச்சுக் கையில தெறிக்கும். அங்கிருந்து தீயைக் குறைச்சு, தட்டையான கரண்டியால அடியை வழிச்சுக்கிட்டே இருக்கணும். கூழ்தான் அடியில உக்காந்து கருகும். கரண்டி போன தடம் ரெண்டு நொடி மூடாம நின்னா நெருங்கிட்டோம்னு அர்த்தம். குளிர்ந்த வெள்ளைத் தட்டுல அரை டீஸ்பூன் விட்டுச் சாய்ச்சுப் பாருங்க. சொட்டைச் சுத்தி மெல்லிசா தண்ணி வளையம் ஓடினா இன்னும் சுண்டணும். ஓரம் அப்படியே நின்னா ஆயிடுச்சு. ஒரு சிட்டிகை உப்பும், எலுமிச்சைச் சாறும் இறக்கின பிறகுதான். புளிப்பும் சேர்ந்து அஞ்சு மடங்கு செறிஞ்சிருக்கும், ருசி பார்க்காம எலுமிச்சை பிழியாதீங்க.

சுட்ட இறைச்சி, பனீர், காய்கறி எதுக்குத் தடவினாலும் கடைசி அஞ்சு எட்டு நிமிஷத்துல தடவுங்க. முதல்லயே தடவினா உள்ள வேகறதுக்குள்ள மேல கரிஞ்சு கசப்பு ஏறிடும்.

கேட்காத ஒண்ணு சொல்லிடறேன், நெக்டரை அப்படியே ஃப்ரீசர்ல வச்சு ஐஸ் பண்ணினா பாறை மாதிரி ஆயிடும். சார்பேக்கு (பால் சேர்க்காத பழ ஐஸ்) 27 பிரிக்ஸ் பக்கம் வேணும். ஒரு கிலோ நெக்டருக்கு இன்னும் 190 கிராம் சர்க்கரை கரைச்சுக்கோங்க. குடிச்சுப் பார்த்தா திகட்டும்தான், உறைஞ்ச அப்புறம் சரியா இருக்கும்.

மூடிய_பாட்டில் பதில்:

வெளியே வைப்பது பற்றி மட்டும் சொல்கிறேன், இதில் ஊகம் கூடாது.

பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் நஞ்சைத் தரும் கிருமி வளராது. அதற்கு மேலே இருந்தால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் வளரும். கொதிநீரின் சூட்டில் அதன் வித்து சாகாது. நஞ்சு இருந்தாலும் நிறம், மணம், ருசி எதிலும் தெரியாமல் போகலாம். பழுத்த மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம், அத்தி, வெள்ளை பீச் எல்லாம் இந்த எல்லைக்கு அருகில் அல்லது அதற்கு மேல் நிற்பவை. மாம்பழம் ரகத்துக்கு ரகம் மாறும், ஒரே ரகத்திலும் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கும். மேலே உள்ள 1.8 கிராம் சிட்ரிக் ருசிக்கான அளவு, பாதுகாப்புக்கான அளவு அல்ல. கூழுக்குப் புளிப்பைத் தாங்கி நிற்கும் குணம் உண்டு, எவ்வளவு போட்டால் எவ்வளவு இறங்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட முடியாது. நிறம் மாறும் தாளும் மஞ்சள் கூழில் சரியாகத் தெரியாது. ஆகவே மாம்பழமும் கொய்யாவும் ஃப்ரீசருக்கு. இதுதான் என் பதில்.

மஞ்சள் பீச், ஆப்பிள் போன்ற புளிப்புப் பழக்கூழை வெளியே வைக்கலாம். கொதிக்கக் கொதிக்கச் சூடான கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மேலே அரை செ.மீ. போல இடம் விட்டு, மூடி, ஜாடி முழுகும் அளவு கொதிநீரில் 15 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரை இந்த நேரம். 300 முதல் 1800 மீட்டர் வரை 20 நிமிடம், அதற்கும் மேலே 25. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால்தான் நேரம் கூடுகிறது. சூடாக ஊற்றிப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று பல குறிப்புகளில் வரும். வீட்டில் அதை நம்ப வேண்டாம். ஊற்றும்போதே சூடு இறங்கிவிடும், மூடியும் சரியாக இறுகாது. ஆறிய ஜாடியில் கொதிக்கும் கூழை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், அதையும் கவனியுங்கள்.

ஃப்ரீசரில் வைக்கும்போது நெக்டராக வைக்காமல் கூழாக வையுங்கள். நெக்டரில் பாதிக்கு மேல் தண்ணீர், அதை உறைய வைத்து இடத்தை அடைப்பானேன்? 90 டிகிரி காட்டி ஆறிய கூழை 300 கிராம் பொட்டலங்களாக, தட்டையாகப் பரப்பி உறைய வைத்தால் ஒரு பொட்டலம் ஒரு கிலோ மாம்பழ நெக்டருக்குச் சரியாக இருக்கும். டப்பாவில் வைத்தால் இரண்டு செ.மீ. இடம் விடுங்கள், உறையும்போது விரியும். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் ருசி குறையாது. உருகிய கூழ் நீர் விட்டுக்கொண்டு நிற்கும், மிக்ஸியில் அரை நிமிடம் ஓட்டினால் சேர்ந்துவிடும்.

ஃப்ரிட்ஜில் காய்ச்சிய நெக்டர் 4 டிகிரியில் நான்கைந்து நாள். காய்ச்சாதது இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது "உஸ்" என்றாலோ, ஓரத்தில் நுண்குமிழி தெரிந்தாலோ ஈஸ்ட் புகுந்துவிட்டது. கொட்டிவிடுங்கள், மறுபடி காய்ச்சி மீட்கப் பார்க்காதீர்கள். கண்ணாடி பாட்டிலில் அப்படி விட்டுவைத்தால் வாயு கூடி வெடிக்கவும் செய்யும்.

பாத்திரம் எஃகு, எனாமல் அல்லது கண்ணாடி மட்டும். பூச்சில்லாத செம்பு, இரும்பு, அலுமினியத்தில் புளிப்புக் கூழ் உலோக வாடை பிடிக்கும். செம்பும் இரும்பும் பட்டால் வைட்டமின் சி-யும் வேகமாக அழியும். சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கிறவர்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. காய்ச்சியிருந்தாலும் கூடாது.

அடுப்பங்கரை:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. கூழை உடனே சூடு பண்ணி, எடை போட்டு மாம்பழம் செஞ்சதுல ஃப்ரிட்ஜ்ல பிரியாம நிக்குது. எலுமிச்சை சேர்த்ததும் ருசியும் எடுப்பா இருக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். இதே முறையில பேஷன் ஃப்ரூட்டைக் காய்ச்சினா கஞ்சி மாதிரி கெட்டியாகுது, கருப்புத் துகளும் கசப்பும் வேற. அதுக்கு என்ன பண்ணலாம்? அப்புறம், சமையலுக்குக் கடையில நெக்டர் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்?

பிரிக்ஸ்_கணக்கு பதில்:

பேஷன் ஃப்ரூட்டுக்கு என் முறை பொருந்தாது, அதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டிய பழம். அதன் சாற்றில், குறிப்பாக ஊதா வகையில், மாவுச்சத்து இருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் அது வெந்து கெட்டியாகும். நீங்கள் பார்த்த கஞ்சி அதுதான். கருப்புத் துகளும் கசப்பும் உடைந்த விதையால் வருவது. விதையுள்ள சதையை மிக்ஸியில் ஓடவிடாமல், சல்லடையில் போட்டுக் கரண்டியால் சுழற்றித் தேய்த்தால் விதை உடையாமல் சாறு இறங்கிவிடும்.

இறங்கிய சாற்றைச் சூடாக்க வேண்டாம். 125 கிராம் சர்க்கரையை 675 கிராம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, முழுக்க ஆறவிட்டு, 200 கிராம் சாற்றைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ கிடைக்கும், அமிலம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. காய்ச்சாததால் இரண்டு நாளில் குடித்துவிட வேண்டும். காய்ச்சியே ஆக வேண்டுமென்றால் சாற்றை ஒரு இரவு ஃப்ரிட்ஜில் அசையாமல் வையுங்கள். மாவு அடியில் வெளிறிய படிவாகப் படியும். மேலே உள்ளதை மட்டும் மெல்லச் சாய்த்து எடுத்துக் காய்ச்சினால் அவ்வளவாகக் கெட்டியாகாது.

கேக்தட்டு பதில்:

கடை நெக்டருக்கு நான் சொல்றேன். டப்பாவுல முன்பக்கம் இருக்கிற படத்தை விட்டுட்டு, பொருட்பட்டியலைப் படிங்க. பழக்கூழ் எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். மேல்பூச்சுக்கும் கேக்குக்கும் 40-க்கு மேல இருக்கிற பீச், ஆப்ரிகாட் நல்லா வரும். மாம்பழம் 25 போட்டிருந்தாலே சரிதான், அந்தப் பழத்துக்கு அது குறைவில்லை. "பழச்சாறு பானம்"னு போட்டு 10 சதவீதம் இருக்கிறதைச் சுண்ட வச்சா கடைசியில வெறும் சர்க்கரைப் பாகுதான் மிஞ்சும்.

சாந்தன், குவார், சி.எம்.சி. இந்தப் பசைகளோட பேர் இருந்தா குடிக்க வாங்குங்க, சுண்ட வைக்க வேண்டாம். பெக்டின் இருந்தா பரவாயில்லை. சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி இருக்கிறதும் ஒண்ணும் பண்ணாது. சர்க்கரை இல்லாம செயற்கை இனிப்பு சேர்த்த நெக்டரைச் சுண்ட வச்சா பளபளப்பும் வராது, ஒட்டவும் ஒட்டாது. அதோட, 100 மி.லி.ல சர்க்கரை எத்தனை கிராம்னு பின்னாடி சத்து அட்டவணையில இருக்கும். அதுல 12-ன்னு போட்டிருந்தா 500 மி.லி.ல 60 கிராம். வாணலி எடைக் கணக்கை அந்த எண்ணை வச்சே போட்டுக்கலாம், ரிஃப்ராக்டோமீட்டர் தேவையில்லை. டப்பாவை நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க, கூழ் பாதி அடியிலதான் தங்கியிருக்கும்.